இறுக்கிக் கட்டிய வலை

அன்பு மகன்,

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அப்பா கடிதம் எழுதுகிறாரே என்று நீ சிரிப்பாய். சிரி. வாயால் சொல்ல மூன்று தரம் வெளிக்கிட்டேன். முதல் நாள் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். இரண்டாம் நாள் உன் கூட்டாளிகள் வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு தடையும் இல்லை, கிணற்றடியில் நீயும் நானும் மட்டும் நின்றோம். அன்றைக்கும் மழை வருமா என்று உன்னைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நாற்பது வருடம் கடலில் நின்றவனுக்கு இவ்வளவு பயமா என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அதனால்தான் குசினி மேசையில் கொப்பியை விரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். எழுதி முடிக்காமல் எழும்புவதில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லியாயிற்று. அவள் தேத்தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "எழுதுங்கோ. ஆனா வளைச்சு வளைச்சு எழுதாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

வளைக்காமலே சொல்கிறேன். நீ பள்ளிக்கூடம் படித்த கல்லூரியின் வாசலில் சுவரோடு ஒரு பலகை இருக்கிறது. நீங்கள் உதைபந்தாட்டக் கிண்ணம் வென்ற வருடத்தில் எழுதியது. "எதிரணிக்கு ஒரு கோலும் கொடுக்காத சாம்பியன்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே பதினொரு பேரின் பெயர், முதலாவதாகக் கோல் காத்த உன் பெயர். நான் அந்த வழியால் சைக்கிளில் போகும்போது ஆறு வருடமாக மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன். அந்தப் பலகையில் இருப்பது உண்மை இல்லை. ஒரு கோல் விழுந்தது. அதைக் கண்ணால் பார்த்தவன் நான். பார்க்கவில்லை என்று சொன்னவனும் நான்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு காரணம். கல்லூரிக்கு நினைவு மலர் அச்சடித்துப் போடுகிறார்களாம். அந்தச் சாம்பியன் வருடத்தைப் பற்றி, கோல் வலை கட்டித் தந்த தகப்பன் என்ற முறையில் இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கல்லூரி அதிபர் வீட்டுக்கே வந்து கேட்டார். மற்றது உன் நியமனம். விளையாட்டு ஆசிரியராக உன்னைப் போட்டிருக்கும் பள்ளிக்கூடம் புங்குடுதீவில் இருக்கிறது. அரையிறுதியில் நீங்கள் வென்றது அந்தப் பள்ளிக்கூடத்தைத்தான். திங்கட்கிழமை நீ அங்கே போய், விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளைகள் முன்னால் நிற்பாய். அதற்கு முதல் உனக்கு இது தெரிய வேண்டும். இந்தக் கடிதத்தைத்தான் அதிபரிடம் கொடுக்கப்போகிறேன், மலரில் போடட்டும் என்று. முதலில் உன் கையில் தருகிறேன். நீ வேண்டாம் என்றாலும் கொடுப்பேன். கோபித்தால் கோபி; கோபம் ஆறும், இது ஆறவில்லை.

சண்டையால் இடம்பெயர்ந்திருந்து, தொண்ணூற்றாறில் நாங்கள் தீவுக்குத் திரும்பி வந்தபோது உனக்குப் பத்து வயது. வீட்டுக்குக் கதவும் இல்லை, யன்னலும் இல்லை. கடலுக்குப் போகக் கடற்படையின் பாஸ், திரும்பி வந்தால் அதைக் காட்ட வேண்டும், ஆழத்துக்குப் போக ஏலாது. ஆழம் இல்லாவிட்டால் என்ன, கரையோரமாகச் சிறகுவலை போட்டேன். உனக்குத் தெரிந்த தொழில்தான், மலர் வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: கடலுக்குள் கம்புகளை வரிசையாக நட்டு, அவற்றில் வலையைச் சுவர் மாதிரி இழுத்துக் கட்டுவது. எவ்வளவு இழுத்துக் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. தொய்ந்தால் நீரோட்டத்தில் வலை மடியும், மீன் கீழால் போய்விடும். என் அப்பு எனக்குக் கட்டளையாகச் சொன்னது, நான் உனக்குச் சொன்னது எல்லாம் ஒரே சொல்தான், இறுக்கு.

நீ இடக்கைக்காரன். முடிச்சுப் போடச் சொன்னால் இடக்கையால் போடுவாய். கயிறு மற்றப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. இடக்கை முடிச்சு தண்ணீரில் அவிழும் என்று சொன்னேன். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை, எனக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர. ஒரு நாள் வலை பின்னும் ஊசியாலேயே உன் விரலில் ஒரு போடு போட்டுவிட்டேன். நீ அழவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனாய். அதற்குப் பிறகு என் வலையில் நீ கை வைக்கவேயில்லை. பந்துக்குப் பின்னால் போய்விட்டாய். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "அவன் பந்து பிடிக்கிற கை எதெண்டு போய்ப் பாருங்கோ" என்றாள். போய்ப் பார்த்தேன். இடக்கைதான்.

பிறகு சமாதான காலம் வந்தது. பாதை திறந்தது, கெடுபிடி குறைந்தது, பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான போட்டிகளும் திரும்பத் தொடங்கின. உங்கள் ரீமை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பதினைந்து பேர், எட்டுச் சோடி பூட்ஸ். மைதானத்தில் ஒரு பக்கம் கடற்படையின் முட்கம்பி. பந்து அதற்குள் போனால் நீங்கள் எல்லோரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பீர்கள், உள்ளேயிருந்து யாராவது ஒரு சிப்பாய் உதைத்து அனுப்பும் வரைக்கும். உங்கள் மாஸ்ரர் யாழ்ப்பாணத்தில் இருந்து முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போகிற மனிதன். சனிக்கிழமைகளில் உங்களைச் சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், குளிக்க வந்த சனம் பார்க்கப் பார்க்க, கால் புதைகிற மணலில் ஓடவிட்டார். "மணலில ஓடினவனுக்குப் புல்லு ஒரு வேலையோ" என்று கேட்பாராம். எங்கள் மைதானத்தில் புல் எங்கே இருந்தது, அது வேறு கதை. உன் அம்மா பெரிய பானையில் கூழ் காய்ச்சி அனுப்பினாள். முதல் ஆட்டத்தில் மூன்று கோல், இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு. உன் பக்கம் ஒன்றுமே விழவில்லை. அந்த வருடம் தீவுக்குள் வேறு கதை இருக்கவில்லை. பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றாலும் பந்து, மீன் ஏலம் கூறுகிற இடத்திலும் பந்து. என் வாழ்க்கையில் முதல் தரமாக என்னை ஆட்கள், "கீப்பரின்ர தகப்பன்" என்று சொன்னார்கள். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று உனக்கு ஒருநாளும் காட்டவில்லை.

அரையிறுதியும் இறுதியும் எங்கள் மைதானத்தில் என்று முடிவானது. அப்போதுதான், கோலுக்கு வலை இல்லாமல் விளையாட விடமாட்டோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் இரண்டு பனங்கம்பு, மேலே ஒன்று, வெள்ளைச் சுண்ணாம்பு, அவ்வளவுதான். மாஸ்ரர் என்னிடம் வந்தார். இரவல் ஊசியெல்லாம் வாங்கிப் பச்சை நைலான் கயிற்றில் ஐந்து நாளில் இரண்டு வலை பின்னினேன். பின்னியது குறை சொல்ல ஏலாத வலை. கட்டினதுதான் பிழை. கம்புக்குப் பின்னால் ஒரு முழ இடைவெளியில் முளை அடித்து, மேலும் கீழும் இழுத்து, மேளத்தோல் மாதிரி இறுக்கிவிட்டேன். மாஸ்ரர் கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணை, இது இவ்வளவு இறுகக் கூடாது. தொய்ய விடுங்கோ. பந்து பட்டா உள்ளுக்க விழவேணும்."

"மாஸ்ரர், நீங்கள் பந்தைப் படிப்பியுங்கோ. வலை கட்ட எனக்குப் படிப்பிக்க வேண்டாம்."

பத்துப் பேர் முன்னால் சொன்னேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மனிதன் திரும்பிப் போனார். நீ கோலுக்குள் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அரையிறுதி அன்று புங்குடுதீவுப் பிள்ளைகள் வெள்ளெனவே பஸ்ஸில் வந்து வேப்பமரத்துக்குக் கீழே இருந்தார்கள். அவர்களில் முன்வரிசையில் ஆடுகிற ஒருவன், கேதீஸ் என்று பெயர், மடத்துவெளிப் பொடியன், பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தான். அடி பிளந்துபோய் நாக்கைத் தொங்கப்போட்டிருந்தது. என் மடியில் ஊசியும் பச்சைக் கயிறும் இருந்தன. "கொண்டாரும் தம்பி" என்று வாங்கித் தைத்துக் கொடுத்தேன். போட்டு இரண்டு தரம் நிலத்தில் உதைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, கடையில வாங்கினதை விட இது உறுதி" என்றான். நீதான் கீப்பர் என்றும், நான் உன் தகப்பன் என்றும் அவனுக்குச் சொன்னேன். "அப்ப எனக்குத் தைச்சுத் தந்ததுக்கு வீட்டில பேச்சு விழும்" என்று சிரித்தான். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப் போய்விட்டது.

ஆட்டம் முடியச் சில நிமிடம் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. நான் உன் கோலுக்குப் பின்னால் முளையோரமாகக் குந்தியிருந்தேன், வலைக்கு ஏதும் நடந்தால் பார்க்க. அவன் இடப் பக்கத்தால் இருவரை விலத்திக்கொண்டு வந்து அடித்தான். நீ மற்றப் பக்கம் பாய்ந்துவிட்டாய். பந்து கம்புக்கு உட்புறமாக, கோடு தாண்டி, என் முகத்துக்கு நேரே வலையில் வந்து பட்டது. மகன், அது பட்ட அடியில் வலை என் மூக்கில் உரசியது. தொய்ந்த வலையாக இருந்திருந்தால் பந்து அங்கேயே கிடந்திருக்கும். என் வலை அதை அப்படியே வாங்கித் திருப்பி எறிந்தது. நீ எழும்பும்போது பந்து உன் முன்னால் துள்ளிக்கொண்டிருந்தது. எடுத்து நெஞ்சோடு அணைத்துவிட்டாய். அவர்கள் கோல் என்று கத்தினார்கள், எங்கள் ஆட்கள் கம்பில்தான் பட்டது, போஸ்ற் என்று கத்தினார்கள். மத்தியஸ்தர் நடு மைதானத்தில் நின்றார், கொடி பிடித்தவர் ஓடிவந்து சேரவில்லை. இருவருக்கும் தெரியவில்லை. ஒருவரையொருவர் தள்ளத் தொடங்கினார்கள். அப்போது கேதீஸ்தான் கையைத் தூக்கிக்கொண்டு சொன்னான்.

"அந்த ஐயாவைக் கேளுங்கோ. அவர் பின்னால இருந்தவர். கீப்பரின்ர தகப்பன் எண்டாலும் பரவாயில்லை, அந்த மனிசன் பொய் சொல்லாது. அவர் சொன்னா நாங்கள் ஒத்துக்கொள்ளுறம்."

மத்தியஸ்தர் வந்தார். "அண்ணை, நீங்கள் கிட்ட நிண்டனீங்கள். பந்து எதில பட்டது?"

"போஸ்றில" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு சொல். கேதீஸ் என்னைப் பார்த்தான், தலையை ஆட்டினான், திரும்பி ஓடினான். அவன் ஒத்துக்கொள்வதாகச் சொன்னதை ஒத்துக்கொண்டான். இரண்டு நிமிடத்தில் நாங்கள் ஒரு கோல் அடித்தோம், வென்றோம். அடுத்த கிழமை இறுதி ஆட்டத்தையும் வென்றோம். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகம் வரைக்கும் போனார்கள். நானும் ஒரு பக்கத் தோள் கொடுத்தேன்.

உனக்காகச் சொன்ன பொய் என்று வெகுகாலம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்காகத் தகப்பன் சொன்னது என்றால் கேட்கிறவர்களும் மன்னித்துவிடுவார்கள். ஆனால் அந்த நேரம் என் கண் உன் பக்கம் போகவில்லை. எல்லைக் கோட்டில் நின்ற மாஸ்ரரைத்தான் பார்த்தேன். கோல் என்று சொன்னால், வலையில் பட்டுத் திரும்பியது என்று சொல்ல வேண்டும். பத்துப் பேர் முன்னால் நான் வாயடைத்த மனிதன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். உனக்காகக்கூட இல்லை மகன். வலைக்காக. வலை கட்டத் தெரியாதவன் என்று ஒருவன் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

இரண்டு வருடம் கழித்துக் குறிகட்டுவான் இறங்குதுறையில் கேதீஸைக் கண்டேன். அவனுக்குப் பக்கத்தில் நின்றவன், "போஸ்ற், படகு வந்திட்டுது" என்று கூப்பிட்டான். அதுதான் அவனுடைய பட்டப்பெயராம். வெறுங்கோலைக் கண்டும் போஸ்றில் அடித்தவன் என்று ஊர் வைத்தது. அவன் என்னிடம் வந்து, மெதுவாக, "ஐயா, ஒண்டு கேக்கட்டோ. அது உண்மையா போஸ்றிலயோ பட்டது?" என்று கேட்டான். "ஓம் தம்பி" என்றேன். முதல் பொய் அவசரத்தில் வாயில் வந்தது. இரண்டாவதை நான் யோசித்துச் சொன்னேன். அதற்குப் பிறகு திரும்பச் சண்டை, திரும்பப் பாஸ், ஊருக்கு ஊர் போக ஏலாத காலம். போய்ச் சொல்லாததற்கு எனக்கு நல்ல சாட்டுக் கிடைத்தது. இப்போது சண்டையும் முடிந்துவிட்டது. சாட்டும் முடிந்துவிட்டது.

உன் நியமனக் கடிதம் வந்த அன்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அந்தக் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள். பிறகு, "அந்தப் பொடியனிட்ட முதல் போங்கோ. எழுத்து எல்லாம் பிறகு" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு நான் மீன் விஷயமாகப் போகிறேன் என்று உனக்குச் சொன்னது அதுதான். புளியங்கூடலால் போகிற பஸ்ஸைப் பிடித்து மடத்துவெளிக்குப் போனேன். சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். கலியாணம் முடித்துவிட்டான். பின்னேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறவனும் அவன்தானாம். நீ வந்தால் உன்னோடு நிற்கப்போகிறவன். ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ரியூப்பை உருவிக்கொண்டிருந்தான். இருக்கச் சொன்னான். நான் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன்.

"தம்பி, அது கோல். உள்ளுக்கப் போனது. என்ர வலை தான் திருப்பி எறிஞ்சது. நான் கண்டனான். ரெண்டு தரம் உமக்குப் பொய் சொன்னனான்."

அவன் ரியூப்பைத் தண்ணீர்ப் பேசினுக்குள் அமத்திக்கொண்டே இருந்தான். குமிழி வந்துகொண்டிருந்தது. பிறகு உள்ளே திரும்பி மனுசியைக் கூப்பிட்டான். "இஞ்ச வாரும். நான் அண்டைக்கு அடிச்சது கோல் எண்டு சொன்னனான் தானே. நீர் நம்பேல்லை. இந்த ஐயா சொல்லுறார், கேளும்." அந்தப் பெண்பிள்ளை ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தது. அவன் சிரிக்க வெளிக்கிட்டான், சிரிப்பு முழுதாக வரவில்லை.

"ஆறு வருசம், ஐயா" என்றான். "கடைசியில என்ர கண் தான் பிழை எண்டு நினைச்சிட்டன். நீங்கள் சொன்னதால."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். தேத்தண்ணீர் தந்தான். குடிக்கச் சொன்னான். குடித்தேன். பஸ்ஸுக்கு வெளிக்கிடும்போதுதான் கேட்டான்: "உங்கட மகனுக்குத் தெரியுமோ?"

"திங்கட்கிழமை வாறான். அவனைக் கேளும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதிபருக்குக் கொடுக்கிற கடிதம் இந்த இடத்தில் முடிகிறது. பலகையில் அந்த வரியை அழிக்கச் சொல்லியும் கேட்கப்போகிறேன். கிண்ணத்தை என்ன செய்வதென்று அவர்கள் முடிவெடுக்கட்டும். மாஸ்ரருக்கும் ஒரு பிரதி தபாலில் போகிறது.

இனி வருகிற தாள் உனக்கு மட்டும். இதை மலருக்குக் கொடுக்கமாட்டேன், உன் அம்மாவுக்கும் காட்டவில்லை.

அரையிறுதி முடிந்த மறுநாள் காலை வலையைப் பார்க்க மைதானத்துக்குப் போனேன். உன் பக்க வலை தொய்ந்து கிடந்தது. யாரோ என் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, முளைகளைப் பின்னுக்கு நகர்த்தி, வயிறு விழத் தளர்த்திக் கட்டியிருந்தார்கள். மற்றக் கோலும் அப்படியே. குனிந்து முடிச்சைப் பார்த்தேன். கயிறு மற்றப் பக்கமாகச் சுற்றியிருந்தது. இந்தத் தீவில் அப்படி முடிச்சுப் போடுகிற கை ஒன்றுதான். ஏழு வருடமாக என் வலையைத் தொடாத கை. அதை அவிழ்த்துத் திரும்ப இறுக்க எனக்கு மனம் வரவில்லை. இறுதி ஆட்டத்தில் உங்கள் கோல் அந்த வலைக்குள் விழுந்து அங்கேயே கிடந்தது, யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நீ என்ன கண்டாய், எப்போது கண்டாய் என்று நான் கேட்கவில்லை. பதினேழு வயதில், தகப்பன் எல்லோர் முன்னாலும் ஒரு சொல் சொன்ன பிறகு, நீ வேறு என்ன செய்திருக்க முடியும். உன் வாயை அடைத்தவன் நான்தான். ஊசியால் ஒரு தரம், அந்தச் சொல்லால் ஒரு தரம். அதற்கும் சேர்த்து என்னை மன்னி. ஆனால் கேதீஸ் கேட்பான். திங்கட்கிழமையே கேட்பான். நீ சொல்லப்போகும் பதில் என்னுடையதாக இருக்கக் கூடாது.

அந்தப் பழைய வலையைக் கொட்டிலில் வைத்திருந்தேன். ஒரு மூலையை வெட்டி இந்தத் தாளோடு வைத்திருக்கிறேன், பார். வெயிலில் பச்சை போய்விட்டது. முடிச்சு இன்றைக்கும் அவிழவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புது வலை இரண்டு பின்னி முடித்தாயிற்று. சாக்கில் கட்டிக் கதவடியில் வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். கட்ட நான் வரமாட்டேன். கேதீஸ் ஒரு பக்கம் பிடிப்பான், நீ கட்டு. தளர்த்திக் கட்டு. இடக்கையாலேயே கட்டு.

அப்பா